செங்கல்பட்டில் ஒரு படகு

துர்கா: ...அதெல்லாம் இருக்கட்டும் ஜெயா. நீ இப்ப எங்க இருக்க, அத மட்டும் சொல்லு.

ஜெயக்குமார்: எத்தினி வாட்டிக்கா கேப்ப? கடல்ல கீறேன்.

துர்கா: கடல்ல எங்க?

ஜெயக்குமார்: கடல்ல எங்கன்னா... இங்க இன்னா தெருப் பேரு எழுதி போர்டா வெச்சிகீறாங்க? சுத்தியும் தண்ணி.

துர்கா: கரை தெரியுதா?

ஜெயக்குமார்: தெரியுது. மகாபலிபுரம் லைட் அவுஸு தக்குனூண்டா தெரியுது. போதுமா?

துர்கா: நான் குடுத்த பெட்டி?

ஜெயக்குமார்: பத்திரமா கீது. பச்ச லைட்டு எரியுது. விடியறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணிட்டேன். நீ சொன்னத சொன்ன மாதிரி செஞ்சிகினு கீறேன். இன்னும் இன்னா உனுக்கு?

துர்கா: அப்பறம் ஏன்டா என் ஸ்கிரீன்ல செங்கல்பட்டுன்னு காட்டுது?

ஜெயக்குமார்: செங்கல்பட்டா?

துர்கா: செங்கல்பட்டு. கொளவாய் ஏரிக்கு இந்தாண்ட ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ளதான் பெட்டி இருக்குங்குது. கடலுக்குப் போன போட்டு ரோடு ஏறி வந்து ஜி.எஸ்.டி ரோட்டுல நங்கூரம் போட்டுடுச்சா?

ஜெயக்குமார்: அது இன்னாத்துக்குக்கா எடத்தையெல்லாம் காட்டுது? டிக் டிக்குனு சிக்னல் வந்தா போதும்னுதான சொன்ன?

துர்கா: கடவுளே. பொங்கலுக்கு வந்தப்ப அவ்ளோ நேரம் உக்காந்து சொன்னேனே, எதையுமே நீ காதுல வாங்கலையா?

ஜெயக்குமார்: நீ சொல்லும்போது நான் குட்டியானைக்கு கிரீஸ் அடிச்சிகினு இருந்தேன். வண்டிக்கு அடியில படுத்துகினு கீறவன்கிட்ட ராக்கெட்டு கதை சொன்னா இன்னா ஏறும்?

துர்கா: ராக்கெட்டு இல்லடா. மேல மூணு குட்டி செயற்கைக்கோள் ஒண்ணா போவுது. ஒவ்வொண்ணும் செருப்பு வாங்குனா குடுப்பான் பாரு, அந்த டப்பா சைஸு. உன் பெட்டி ஒரு டிக் அடிச்சா மூணும் அதை கேக்கும். ஒண்ணு கொஞ்சம் முன்ன கேக்கும், ஒண்ணு கொஞ்சம் பின்ன கேக்கும். அந்த வித்தியாசத்தை வெச்சிகினு, பெட்டி எங்க இருக்குன்னு மூணும் சேர்ந்து சொல்லும். ஒண்ணால தனியா சொல்ல முடியாது. காணாம போன போட்டை தேடறதுக்கு. அதுக்குதாண்டா நான் நாலு வருஷமா பொத்தேரில இந்த ரூமுக்குள்ளயே கெடந்து சாவறேன்.

ஜெயக்குமார்: ஓ. அப்ப அது எடத்த கண்டுபுடிக்கிற மிஷினா?

துர்கா: ஆமாண்டா, இப்பவாச்சும் புரிஞ்சுதே.

ஜெயக்குமார்: இத மொதல்லயே புரியற மாதிரி சொல்லியிருக்கலாம்ல...

துர்கா: ஏன், சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?

ஜெயக்குமார்: இன்னா பண்ணுவேன். ஒண்ணியும் இல்ல. சொன்னேன்.

துர்கா: வாட்ஸ்அப்ல லொக்கேஷன் போடு.

ஜெயக்குமார்: நெட்டு இல்லக்கா. கடல்ல ஏது நெட்டு?

துர்கா: போன் மட்டும் பேசற?

ஜெயக்குமார்: பேச்சு வருது, நெட்டு வரல. அதுக்கு நான் இன்னா பண்றது, கம்பெனிக்காரனைப் போயி கேளு.

துர்கா: தர்மராஜ் அண்ணன்கிட்ட போன குடு. போட்டு அவருதுதான, அவரு சொல்லட்டும்.

ஜெயக்குமார்: அவுரு வலை இஸ்துகினு கீறாருக்கா. ரெண்டு கையும் வலையில. போன் தண்ணில உழுந்தா நீ வாங்கித் தருவியா?

துர்கா: அது என்ன சத்தம்? யாரோ 'வழிய விடு, வழிய விடு'ங்கறாங்க.

ஜெயக்குமார்: ரேடியோக்கா. போட்ல ரேடியோ வெச்சிகீறாரு. நாடகம் ஓடுது.

துர்கா: நாடகத்துல எதுக்கு வழிய விடுங்கறாங்க?

ஜெயக்குமார்: ராஜா வராரு போல. எனுக்கு இன்னா தெரியும், நான் பாதியிலதான் கேக்கறேன்.

துர்கா: ஜெயா, எனக்கு மண்டை காயுது. நான் சொல்றத ஒழுங்கா கேளு. இந்த மூணுல ரெண்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து வாங்கின கடிகாரம். மூணாவதுல இருக்கறது நான் செஞ்ச கடிகாரம். நானே என் கையால செஞ்சது. அது சரியா ஓடுதான்னு பாக்கறதுக்குதான் இன்னிக்கு இந்த டெஸ்ட்டு. ஒரு கடிகாரம் துளி தப்பினா போதும், கடல்ல இருக்கறதை கொண்டு போயி ஊருக்குள்ள காட்டும். இப்ப இடம் தப்பா வருது. எல்லாரும் யாரைப் பாப்பாங்க?

ஜெயக்குமார்: உன்னியா?

துர்கா: எங்க ஹெட் சம்பத் சார் முகத்தையே பாக்க முடியல. பின்னாடி ஸ்பேரா இன்னொண்ணு வருது. மூணாவதை கூட்டத்தை விட்டு தள்ளிட்டு, ஸ்பேரை அந்த இடத்துக்கு இழுத்துக்கலாங்கறாரு.

ஜெயக்குமார்: தள்ளிட்டு அப்பால திருப்பி இஸ்துக்கறது...

துர்கா: முடியாது. அதுல ரவையூண்டு கேஸ் இருக்கு. அதை பீச்சி விட்டாதான் விலகிப் போவும். அதோட கேஸ் காலி. தனியா சுத்திகினே இருந்து ஒருநாள் எரிஞ்சு போவும். நாலு வருஷம்டா.

ஜெயக்குமார்: கொஞ்சம் பொறுக்க சொல்லேன் உங்க சாரை. ஒருநா ரெண்டு நா தள்ளிப் போட்டா இன்னா?

துர்கா: நேரம் தப்பா ஓடற ஒண்ணை பக்கத்துல வெச்சிருந்தா மத்தது மேல மோதிடும்னு பயப்படறாரு. அவரு பயப்படறதும் நியாயம்தான். இன்னும் ஒன்றரை மணி நேரத்துல மறுபடியும் நம்ம தலைக்கு மேல வரும். அப்பவும் இதே இடம் காட்டினா, தள்ளிட சொல்லிட்டாரு. நான் வேணா செங்கல்பட்டுக்கே வந்து பாத்துடட்டுமா? டிரெயின் ஏறினா கொஞ்ச நேரம்.

ஜெயக்குமார்: வாணாம் வாணாம். நீ எதுக்கு வர? நான்தான் இங்க இல்லியே... அங்க இல்லியே. நீ வேலைய பாரு. வெக்கிறேன்.

*

துர்கா: எடுக்க இவ்ளோ நேரமா?

ஜெயக்குமார்: கைல மீனு...

துர்கா: மூணும் தலைக்கு மேல வந்துடுச்சு. மறுபடியும் செங்கல்பட்டு. அதே வட்டம், ஒரு இம்மி நகரல.

ஜெயக்குமார்: நாங்கதான் நங்கூரம் போட்டுகினு கீறோமே. போட்டே நவுரலன்னா அது எப்புடி நவுரும்?

துர்கா: நங்கூரம் போட்டுதான் காலைல எண்பதுல போனியா?

ஜெயக்குமார்: இன்னாது?

துர்கா: விடிகாலை ஒரு வாட்டி மேல போச்சுல்ல, அந்தப் பதிவை இப்பதான் எடுத்துப் பாத்தேன். பெட்டி நம்ம திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டுக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கு. கிழக்க கடலுக்குப் போக வேண்டியது மேற்க பறந்திருக்கு. எந்த ஊரு போட்டு எண்பதுல போவும்?

ஜெயக்குமார்: காத்து... காத்து ஜாஸ்திக்கா காலைல.

துர்கா: அடிச்சேன்னா பாரு. ரூம்ல எல்லாரும் சிரிக்கறாங்கடா. 'உன் கடிகாரம் லாரி ஓட்டுதும்மா'ன்னு ஒருத்தன் சொல்றான். ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. கடிகாரம் கெட்டுப் போயிருந்தா இடம் கன்னாபின்னான்னு குதிக்கணும். இது அப்படி இல்ல. ரோட்டை ஒட்டியே போயிருக்கு. ரோடு வளைஞ்சா இதுவும் வளையுது. கெட்டுப்போன கடிகாரத்துக்கு திருக்கழுக்குன்றம் ரோடு எப்படி தெரியும்? இதை சம்பத் சார்கிட்ட சொன்னேன். அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'உன் தம்பி கடல்ல இருக்கானா, இல்லையா?' இல்லைன்னா என் கடிகாரம் சரி. இருக்கேன்னா என் கடிகாரம் தப்பு. அவ்ளோதான் ஜெயா. உன் வாயில இருக்கு.

ஜெயக்குமார்: அக்கா...

துர்கா: நீ போகாம தூங்கிட்டியா? பரவால்ல. லோடு வந்துச்சுன்னு வண்டி எடுத்துகினு போயிட்டியா? அதுவும் பரவால்ல. எவளாச்சும் பொண்ணை பாக்கப் போயிருந்தா வூட்ல சொல்ல மாட்டேன். திட்ட மாட்டேன்டா, சத்தியமா. நிஜத்தை மட்டும் சொல்லு.

ஜெயக்குமார்: அக்கா, நான்... இரு. ஒரு நிமிசம்.

துர்கா: நிமிஷமெல்லாம் இல்ல. அது அந்தப் பக்கம் மறையறதுக்குள்ள கட்டளை அனுப்பணும். விட்டா ராத்திரிதான் வரும். சரி, நீ சொல்ல மாட்ட. அம்மாவை இழுக்கறேன். அம்மா பொய் சொல்லாது.

ஜெயக்குமார்: அம்மா எதுக்குக்கா நடுவுல? அக்கா... அலோ...

துர்கா: அம்மா, கேக்குதா? ஜெயாவும் லைன்ல இருக்கான்.

கன்னியம்மா: இன்னாடி, வேலை நேரத்துல? முடிஞ்சிச்சா உன் பரீட்சை?

துர்கா: பரீட்சை இல்லம்மா, டெஸ்ட்டு. ஏம்மா உன் குரல் ரெண்டு வாட்டி கேக்குது?

கன்னியம்மா: லைனு அப்பிடி.

துர்கா: எங்க இருக்க?

கன்னியம்மா: வூட்ல. வேற எங்க போவேன்?

துர்கா: நைனா?

கன்னியம்மா: அவுரு... கழனிக்கு போயிகீறாரு. தண்ணி பாய்ச்ச.

துர்கா: ஜெயா இன்னிக்கு கடலுக்கு போனானா?

கன்னியம்மா: போனான்.

துர்கா: நீ பாத்தியா?

கன்னியம்மா: நான்தானே நாஸ்தா கட்டிக் குடுத்தேன். இதுக்கா இத்தினி போனு? அவனை ஏன் போட்டு இந்த நோண்டு நோண்டற?

துர்கா: நைனா மேல சத்தியமா சொல்லும்மா.

கன்னியம்மா: அவுரு மேல எதுக்குடி இன்னிக்கு போயி... வாணாம். என் மேல சத்தியமா சொல்றேன். புள்ள கடலுக்குதான் போனான். போதுமா?

துர்கா: போதும்மா. நீ சொன்னா சரி.

ஜெயக்குமார்: அக்கா, கொஞ்சம் இரு...

துர்கா: விடு ஜெயா. உன்னை சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்கோ. காசு குடுத்து ஆள் வெக்கலாம்னாங்க. 'என் தம்பி இருக்கான் சார், நம்பி அனுப்பலாம்'னு நான்தான் சொன்னேன். நீ சரியாத்தான் செஞ்சிருக்க. என் கடிகாரம்தான் தப்பு. வெக்கறேன்.

*

ஜெயக்குமார்: இன்னாமா நீ. சத்தியம் வேற பண்ற.

கன்னியம்மா: கத்தாதடா. நர்ஸம்மா பாக்குது.

ஜெயக்குமார்: அதுக்குள்ள நான் சொல்லியிருப்பேன். வாய் வரிக்கும் வந்துச்சு. நீ கைய புடிச்சி அமுக்கற.

கன்னியம்மா: சொல்லிட்டு? நைனாவை உள்ள இஸ்துகினு போயி எத்தினி நேரமாச்சி. 'ரத்தக் குழா அடைச்சிகினு கீது, இன்னா ஏதுன்னு அப்பால சொல்றோம்'னு டாக்டரு சொல்லிட்டு போனாரு, இன்னும் வெளிய வரல. நெஞ்ச புடிச்சிகினு கெடக்கறாருன்னு கேட்டா அவ போட்டது போட்டபடி ஓடியாருவா. வழியில எங்கியாவது உழுந்து கிழுந்து வெச்சா?

ஜெயக்குமார்: எம்மா, உனுக்கு புரியல. அந்தப் பொட்டி நம்ம வண்டில கீது. ராத்திரியே அதுல ஏத்தி ரெடியா வெச்சிட்டேன், எழுந்ததும் ஆன் பண்ணேன், அப்பதான் நீ கூவுன. வண்டில நைனாவை போட்டுகினு பறந்து வந்தோம். பொட்டி அப்பிடியே டிக் டிக்குனு அடிச்சிகினே கீது. அவ மிஷினு கரெக்டா காட்டிகினு கீது. நாமதான் இல்லன்னு சொல்லி அத தப்புன்னு ஆக்கிட்டோம்.

கன்னியம்மா: ஒரு டப்பா போனா இன்னொரு டப்பா செஞ்சிக்கறா. படிச்ச பொண்ணு.

ஜெயக்குமார்: நாலு வருசம்மா. கல்யாணம் வாணாம்னு உங்கிட்ட சண்ட போட்டுகினு செஞ்சா.

கன்னியம்மா: எனுக்கு மட்டும் ஆசையாடா அவகிட்ட பொய் சொல்ல? அவ பிளஸ் டூ எழுதும்போது உங்க பெரியப்பா செத்தாரு. யாரும் சொல்லல. எல்லா பரீட்சையும் முடிஞ்சி வந்தப்பறம்தான் சொன்னோம். அழுதா, ஆனா மார்க்கு வாங்குனால்ல? நல்ல நாளும் அதுவுமா எடுத்த உடனே கெட்டது சொல்லக் கூடாது. வேலை முடியட்டும். நானே சொல்றேன்.

ஜெயக்குமார்: வேலை முடியறதுக்குள்ள அந்த மூணாவது காலியாயிடும். போனை குடு. உன் போனை குடும்மா, என்னுதுல சார்ஜ் இல்ல.

கன்னியம்மா: டாக்டரு வெளிய வரட்டும். ஒரே ஒரு வார்த்தை. அவுரு நல்லாகீறாருன்னு தெரிஞ்சிகினு சொல்லலாம். வெறும் நெஞ்சு வலின்னு சொன்னா அவ தாங்க மாட்டா. தோ, கதவு தொறக்குது பாரு...

*

ஜெயக்குமார்: அக்கா. நான்தான். அம்மா போன்லேர்ந்து. வெச்சிடாத.

துர்கா: சொல்லு.

ஜெயக்குமார்: திட்டு, அடி, இன்னா வேணா பண்ணு. அந்த மூணாவதை மட்டும் தள்ளாத. நான் கடல்ல இல்ல. கேக்குதாக்கா? நான் செங்கல்பட்டுலதான் கீறேன். காலைலேர்ந்து இங்கதான். உன் கடிகாரம் கரெக்டுக்கா. மெய்யாலுமே கரெக்டு. வண்டி நிக்கிற எடம் அந்த வட்டத்துக்குள்ளதான் வருது. தள்ளலைல்ல?

துர்கா: அத விடு. செங்கல்பட்டுல எங்க?

ஜெயக்குமார்: பெரியாஸ்பத்திரில.

துர்கா: யாருக்கு?

ஜெயக்குமார்: பயப்படாத. இப்ப நல்லாகீறாரு.

துர்கா: ஜெயா, யாருக்குன்னு கேட்டேன்.

ஜெயக்குமார்: நைனாவுக்கு. விடிகாலை நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டிச்சு. ஆம்புலன்ஸுக்கு கூட நிக்கல, குட்டியானையில பாய் விரிச்சி படுக்க வெச்சி எடுத்துகினு வந்துட்டேன். எண்பதுல போனது நான்தான். ஸ்டென்ட்டு வெச்சிட்டாங்க. இப்பதான் டாக்டரு வந்து சொன்னாரு, ஒண்ணியும் பயமில்லன்னு. கண்ணு முழிச்சிட்டாரு. பேசறாரு.

துர்கா: பேசறாரா? நிஜமா? இதுவும் பொய்யில்லையே?

ஜெயக்குமார்: இல்லக்கா. நைனா மேல சத்தியமா. இப்ப பண்ணலாம், பண்றேன்.

துர்கா: காலைலேர்ந்து... எங்கிட்ட ராஜா வராரு, மந்திரி வராருன்னு... அது ஸ்ட்ரெச்சரா?

ஜெயக்குமார்: ஆமா.

துர்கா: எங்க அப்பன் நெஞ்சு வலில கெடக்கறாரு, நான் பதினஞ்சு கிலோமீட்டர்ல உக்காந்துகினு மேப்புல அவரு இருக்கற இடத்தையே பாத்துகினு இருந்திருக்கேன். ஏன்டா இந்த இடத்தைக் காட்டுதுன்னு அதையே திட்டிகினு இருந்திருக்கேன். மனுஷங்களாடா நீங்க?

ஜெயக்குமார்: தப்புதான்க்கா.

துர்கா: அம்மாகிட்ட குடு.

கன்னியம்மா: சொல்லுமா.

துர்கா: நான் என்ன இன்னும் பிளஸ் டூ பொண்ணாம்மா? முப்பத்தி மூணு வயசு. எங்கிட்ட சொன்னா உலகம் இடிஞ்சு விழுந்துடுமா? ஏதாச்சும் ஆயிருந்தா? கடைசியா ஒரு வாட்டி பாக்கக்கூட உட்டிருக்க மாட்டீங்கல்ல? டெஸ்ட்டு முடிஞ்சு நிதானமா வந்து சொல்லியிருப்பீங்க.

கன்னியம்மா: அப்பிடியெல்லாம் பேசாதடி. எனுக்கு கை காலு ஓடல. உன் நாளு கெட்டுடக் கூடாதுன்னு ஒண்ணுதான் தோணிச்சு. வேற எதுவும் தோணல. நீ வேணா அப்பால வந்து என்ன ரெண்டு அடி அடி.

துர்கா: ஏன்மா அழற? அழாத. நான் கிளம்பறேன். அடுத்த டிரெயின்ல வந்துடறேன். நீ எதாவது சாப்ட்டியா?

கன்னியம்மா: டீ குடிச்சேன். அவுரு உன்னியேதான் கேட்டுகினு கீறாரு. முழிச்சதும் மொத வார்த்தை என்ன கேக்கல, இவனை கேக்கல. 'பொண்ணு உட்ட டப்பா மேல ஓடுதா'ன்னாரு. நான் கேட்டு சொல்றேன்னு வெளிய வந்தேன். பாத்துகினே கெடக்கறாரு. அவுருகிட்ட இன்னா சொல்லட்டும்?

துர்கா: ஓடுதுன்னு சொல்லும்மா. எல்லாம் சேர்ந்து நல்லா ஓடுதுன்னு சொல்லு. நீ சத்தியம் பண்ணதும் போனை வெச்ச கையோட மூணாவதை நான்தான் தள்ளி விட்டேன், என் கையாலயே பட்டனை அழுத்தினேன். ஆனா அதை இப்ப நைனாகிட்ட சொல்லாதீங்க. நல்லபடியா வூட்டுக்கு வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்.